"அந்த எண்ணத்தில் செய்யவில்லை" என்று சொன்னால் போதுமா? புதுக்கடையில் நான் கற்றவை

"நான் அந்த எண்ணத்தில் செய்யவில்லை." கொழும்பில் பொலிஸ் நிலைய வாங்கிலும் புதுக்கடை நீதிமன்றத் தாழ்வாரங்களிலும் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அந்த உண்மை அவர்களுடைய மனதுக்குள் மட்டும் இருக்கிறது. கையொப்பமிட்ட காகிதமும் கைபேசியில் அனுப்பிய செய்தியும் வேறு கதை சொல்கின்றன.

நான் சட்டத்தரணி இல்லை. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு கொட்டாஞ்சேனையில். சிங்களம் பேசவும் வாசிக்கவும் நன்றாக வரும் என்பதால், எங்கள் ஒழுங்கையில் யாருக்குப் பொலிஸ் அலுவல், கோட்டு அலுவல் என்றாலும் "அக்கா, ஒருக்கா கூட வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். கடையிலிருந்து புதுக்கடை நடந்து போகிற தூரம்தான். அப்படிப் போய்வந்ததில் நேரில் பார்த்ததையும் சட்டத்தரணிகள் பொறுமையாக விளங்கப்படுத்தியதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் விஷயத்துக்கு நீங்கள் ஒரு சட்டத்தரணியிடம் போகத்தான் வேண்டும். போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையாவது இது காட்டும்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் செயலைப் போலவே எண்ணத்துக்கும் பெரிய இடம் இருக்கிறது. ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவனயீனமாக வாகனம் ஓட்டி அந்த மரணம் நேர்ந்தால் 298ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தால் 294, 296ஆம் பிரிவுகள், தண்டனை மரணம். (1976க்குப் பிறகு இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனால் தீர்ப்பு அப்படித்தான் வாசிக்கப்படுகிறது.) இரண்டுக்கும் நடுவில், கொலையாகாத, ஆனால் குற்றமான மரணம் என்று 297ஆம் பிரிவு. மூன்றிலும் போனது ஓர் உயிர்தான். செய்தவரின் மனதில் என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, மனதில் இருந்ததை நீதிபதி எப்படி அறிவார்? செயலைச் சுற்றி இருந்த விஷயங்களை வைத்துத்தான். என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், அதற்கு முன் என்ன சொன்னார், பிறகு ஓடினாரா, உதவி செய்தாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். இது குற்ற வழக்குகளுக்கு மட்டும் உரிய வழி என்றுதான் நான் முதலில் எண்ணியிருந்தேன். சின்னம்மாவின் வீட்டு வழக்கில் சிவில் சட்டமும் இதே வழியில்தான் மனதைத் தேடுகிறது என்று கண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இதே குழியில் விழுகின்றன.

சித்தப்பா ஜம்பட்டா வீதிப் பக்கம் சின்ன அச்சகம் ஒன்று நடத்தினார். 2003இல் ஒரு இயந்திரம் வாங்க ஆறு இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. கோயிலில் பழக்கமான ஒருவர் காசு தர முன்வந்தார். "ஈடு எழுதினா செலவு, மினக்கேடு. வீட்டை அறுதியா எழுதித் தாங்கோ. காசைத் தந்த அண்டைக்கே திருப்பி எழுதித் தாறன்" என்றார். சித்தப்பாவும் சின்னம்மாவும் நொத்தாரிசு முன்னால் கையொப்பம் வைத்தார்கள். உறுதியில், அதாவது அந்தக் காணிப் பத்திரத்தில், இருந்தது விற்பனை. விலை ஆறு இலட்சம். அந்த ஒழுங்கையில் அப்போது அப்படியொரு வீட்டை அந்த விலைக்கு யாரும் கனவிலும் வாங்க முடியாது.

மாதாமாதம் வட்டி கையில் கொடுத்தார்கள். பற்றுச்சீட்டு இல்லை. சித்தப்பா காலமானார். கொஞ்சக் காலம் கழித்து, வீட்டை விட்டு எழும்பச் சொல்லி ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. சின்னம்மா அந்தக் கடிதத்தை என் கையில் தந்து, "நாங்கள் விக்கவே இல்லையே பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அந்த வசனத்தை அப்படியே சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. முதலில் எங்களுக்கு எதிராக இருப்பவற்றைச் சொன்னார், அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஆகவே "திருப்பி எழுதித் தாறன்" என்று வாயால் சொன்ன வாக்கை வைத்துக்கொண்டு வீட்டைத் திருப்பிக் கேட்க முடியாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் அதன் 91, 92ஆம் பிரிவுகளில், எழுதிய ஆவணத்துக்கு மாறாக வாய்ச் சாட்சியம் சொல்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. நொத்தாரிசு கடைசிப் பக்கத்தில், வாசித்து விளங்கப்படுத்தியதாக அத்தாட்சி எழுதியிருக்கிறார். காகிதத்தை மட்டும் பார்த்தால் வீடு போய்விட்டது.

அப்புறம்தான் அவர் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தை எடுத்தார். அதில் அப்போதிருந்த 83ஆம் பிரிவின் சாரம் இது: சொத்தின் சொந்தக்காரர் அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்தச் சொத்தின் பயனையும் சேர்த்துக் கொடுக்க அவர் எண்ணினார் என்று சூழ்நிலைகளைப் பார்த்து நியாயமாக முடிவுகட்ட முடியாவிட்டால், எழுதி வாங்கியவர் அதை முதல் சொந்தக்காரருக்காகவே வைத்திருக்க வேண்டும். எண்ணத்தைக் காட்டச் சூழ்நிலைகளைக் கொண்டுவர இந்தப் பிரிவு கதவு திறந்தது. எந்தச் சூழ்நிலைகள் என்பதற்கு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக வழிகாட்டியிருக்கின்றன. 1947இல் தீர்க்கப்பட்ட எகியா லெப்பை எதிர் மஜீத் வழக்கைச் சட்டத்தரணி எடுத்துக் காட்டினார். எழுதிக் கொடுத்த பிறகும் வீட்டில் தொடர்ந்து இருந்தது யார், உறுதி எழுதிய செலவை யார் கட்டினார், உறுதியில் போட்ட விலை மிகமிகக் குறைவா என்பன அதில் சொல்லப்பட்டவை.

பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைச் செலவும் யார் கட்டியது? சித்தப்பா. பற்றுச்சீட்டு இருக்கிறதா? இருந்தது, அவருடைய பெயரில். சோலைவரி யார் கட்டுகிறீர்கள்? நாங்கள்தான், மாநகர சபைப் பதிவில் பெயர்கூட மாற்றப்படவில்லை. மின்சாரம், தண்ணீர்? எல்லாம் சித்தப்பாவின் பெயரில். எழுதி வாங்கியவர் வாங்குவதற்கு முன் வீட்டை உள்ளே வந்து பார்த்தாரா? கூரையைப் பார்த்தாரா, எல்லையைப் பார்த்தாரா? ஒரு நாளும் இல்லை. ஒரு வீட்டை உண்மையாக வாங்குகிறவர் அப்படியா நடப்பார்?

வட்டிக்குத்தான் ஆதாரம் இல்லை என்று நினைத்தோம். அப்போது சின்னம்மா அலுமாரியிலிருந்து ஒரு சிஆர் கொப்பியை எடுத்து வந்தார். அவருடைய வீட்டுச் செலவுக் கணக்கு. பால்மா, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் ரியூசன் காசு, அதற்குக் கீழே "வட்டி 18,000". அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே தொகை. சில மாதங்களில் பேனையின் நிறம் மாறியிருந்தது, ஒரு பக்கத்தில் தேத்தண்ணீர்க் கறை. ஒரு மாதம் "வட்டி பாதி, மிச்சம் தைப்பொங்கலுக்குப் பிறகு" என்று எழுதியிருந்தார். சட்டத்தரணி அந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வழக்குக்காக எழுதினது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது அம்மா" என்றார். வழக்கு வரும் என்று தெரியாத காலத்தில், வேறு தேவைக்கு எழுதிய கணக்கு அது. அதனால்தான் அதற்கு அத்தனை பலம்.

அவர் உடனே செய்த இன்னொரு வேலை எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. வழக்குத் தாக்கலானவுடன், அந்தக் காணி பற்றி வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தார். காரணம் இருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பு எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளை அதே சட்டத்தின் 98ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அப்படியொருவருக்கு வீட்டை விற்றுவிட்டால் எங்கள் நியாயமெல்லாம் அந்தரத்தில் நிற்கும். இப்படிச் சிக்கலில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அழுவது, உறவுக்காரரை வைத்துப் பேசுவது, பெரியவர்களிடம் முறையிடுவது எல்லாம் பிறகு. காணி கைமாறாமல் முதலில் கட்டிப் போடுங்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை சிங்களத்தில் நடந்தது. சின்னம்மாவுக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், சாட்சிக் கூண்டுக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டோம், கிடைத்தார். அரசியலமைப்பு தருகிற உரிமை அது. யாரிடமும் வெட்கப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. "கொஞ்சம் விளங்கும்" என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சாட்சி சொல்லிவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி நேராகவே கேட்டார்: நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்தினாரா? சின்னம்மா "ஓம்" என்றார். இது விற்பனை என்று சொன்னாரா? "ஓம், சொன்னவர்." பின்வாங்கில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் தலையில் கை வைத்தார். சின்னம்மா நிதானமாகத் தொடர்ந்தார்: "விக்கிறது எண்டுதான் எழுதியிருந்தது. காசு குடுத்தா திருப்பி எழுதித் தருவன் எண்டு அவர் சொன்னபடியாத்தான் கையெழுத்து வச்சனாங்கள். விக்கிறதெண்டா ஏன் மாசா மாசம் வட்டி கட்டுறம்?" வாசிக்கவே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நொத்தாரிசு வந்து அதை உடைத்திருப்பார். அதோடு கொப்பியின் மேலிருந்த நம்பிக்கையும் போயிருக்கும். எண்ணத்தை நிரூபிக்கப் போகிறவர் சின்ன விஷயத்தில்கூடப் பொய் சொல்லக் கூடாது. ஏனென்றால், அந்த எண்ணத்துக்கு நேரடிச் சாட்சி அவர் ஒருவர்தான்.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. மதிப்பீட்டாளரின் அறிக்கையும் கொப்பியும் வந்த பிறகு எதிர்ப்பக்கமே இணக்கத்துக்கு வந்தது. வட்டியில் இழுபறி இருந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், அறவிடக்கூடிய வட்டி முதலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதைச் சட்டத்தரணி சுட்டிக் காட்டியதும் தொகை ஒரு நிலைக்கு வந்தது. நிபந்தனைகள் நீதிமன்றப் பதிவில் ஏறின. காசைக் கட்டி, வீட்டைச் சின்னம்மாவின் பெயருக்குத் திருப்பி எழுதி வாங்கினோம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை. கடனுக்கு வீட்டை வைக்கிறீர்கள் என்றால் ஈட்டு முறியாகவே எழுதிப் பதியுங்கள். செலவும் மினக்கேடும் என்று சொல்கிறவர், அறுதி உறுதி கையில் வந்தால் தனக்கு என்ன இலாபம் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இனிமேல் வட்டியை வங்கிக் கணக்கு வழியாக மட்டும் கட்டுங்கள், குறிப்பில் "கடன் வட்டி" என்று எழுதுங்கள். சோலைவரி, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். எங்கள் வழக்கு அந்தக் காலத்துச் சட்டப்படி நடந்தது. சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே உங்கள் உறுதியின் திகதியைச் சொல்லி, அதற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இதே சாயலில் இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு, "பெயருக்குத்தான், நாங்கள் சாகும்வரை எங்கட வீடுதான்" என்று நன்கொடை உறுதி எழுதுகிற தாய் தகப்பன்மார் வெள்ளவத்தையிலும் உண்டு, எங்கள் பக்கமும் உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். பெரும் நன்றிகேட்டின் பேரில் அதை நீக்குவதற்கு 2017இல் ஒரு சட்டம் வந்தது, ஆனால் அதற்கும் வழக்காட வேண்டும், சொந்தப் பிள்ளைக்கு எதிராக. சாகும்வரை வீடு உங்களுடையது என்பதுதான் எண்ணமென்றால், சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவதாக உறுதியிலேயே ஒரு வரி சேருங்கள். நொத்தாரிசுக்கு அது பழக்கமான வேலை.

கடைப் பக்கம் வருகிறேன்.

எங்கள் தெருவில் வியாபாரம் பெரும்பாலும் பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது. ஒருமுறை ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் செக் காசில்லாமல் திரும்பி வந்தது. முதலாளி கொதித்துப் போய், "இது ஏமாத்து வேலை, பொலிஸுக்குப் போவம்" என்றார். புதுக்கடைச் சட்டத்தரணி கேட்டது ஒரே கேள்விதான்: செக் தந்த நேரத்தில் அவர் என்ன சொன்னார்? வாட்ஸ்அப்பில் தேடினால், "முதலாளி, சைற் காசு வந்ததும் சொல்றன், அதுவரைக்கும் போட வேண்டாம்" என்று அவர் எழுதியிருந்தார். முதலாளியும் "சரி" என்று பதில் போட்டிருந்தார். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுக்கு, பொருளை வாங்கும் அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கொடுக்கத்தான் நினைத்தார், பிறகு முடியாமல் போனது என்றால் அது கடன். பணத்தை மீட்க சிவில் வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும், கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டு செக் எழுதுவதுதான் குற்றம். இங்கே பணம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். முதலாளிக்கு இது கசந்தது, ஆனால் ஏற்றுக்கொண்டார். அந்த வாடிக்கையாளர் தவணை முறையில் கட்டி முடித்தார்.

செக் கொடுப்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் நிலைமையை அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டு ஒளியாதீர்கள். ஒளிந்தால், தொடக்கத்திலிருந்தே கொடுக்கிற எண்ணம் இல்லை என்று வாதிட எதிர்ப்பக்கத்துக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். செக் வாங்குகிறவர்களுக்கு: "சரி, பிறகு போடுறன்" என்று நீங்கள் அனுப்பும் ஒரு செய்தி உங்கள் வழக்கின் தன்மையையே மாற்றிவிடும்.

காசாளர் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்துக் கடையில் நடந்தது. ஒரு பெடியன் தாயின் மருந்துக்கென்று கல்லாவிலிருந்து காசு எடுத்திருக்கிறான், சம்பளத்தன்று திருப்பி வைக்கிற எண்ணத்தோடு. அவனுடைய எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவின் விளக்கத்தில், கொஞ்சக் காலத்துக்கு மட்டும் நேர்மையில்லாமல் எடுத்துப் பயன்படுத்துவதும் கையாடல்தான் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. வேலையாள் செய்தால் 391ஆம் பிரிவு வேறு வருகிறது, அது இன்னும் கடுமையானது. திருப்பி வைக்கிற எண்ணம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. எடுப்பதற்கு முன் முதலாளிக்கு ஒரு வரி எழுதி, "எடு" என்ற பதில் வந்த பிறகு எடுத்திருந்தால் அது முற்பணம். ஒரு நிமிட வேலை. அந்தப் பெடியனின் முதலாளி முறைப்பாட்டைத் தொடரவில்லை, ஆனால் வேலை போனது.

புறக்கோட்டையில் மலிவாகக் கைபேசி வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். திருட்டுப் பொருளை வைத்திருப்பதற்கான 394ஆம் பிரிவில், தெரிந்திருந்தால் என்பதோடு, நம்புவதற்குக் காரணம் இருந்திருந்தால் என்பதும் இருக்கிறது. பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை, விலை பாதிக்கும் கீழே. இந்த மூன்றுமே அந்தக் காரணம் ஆகலாம். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் ஐஎம்இஐ இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் தரமாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாக எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருவனின் விஷயம். கிரிக்கெட்டில் தொடங்கிய வாய்த்தர்க்கம். நண்பர்கள் இரண்டு பேர் மற்றவனைத் தேடிப் போனார்கள். இவன் தன் மோட்டார் சைக்கிளில் ஒருவனை ஏற்றிக்கொண்டு போனான். அங்கே ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தான், அடிபட்டவனின் கை எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கடுங்காயம். பொலிஸார் மூவரையும் பிடித்தார்கள். இவனுடைய தாய், "என்ர பிள்ளை கை நீட்டவே இல்லை" என்று கதறினார். அது உண்மை. ஆனால் 32ஆம் பிரிவு பொது உட்கருத்தைப் பற்றியது. பலர் ஒரே எண்ணத்தோடு சேர்ந்து ஒன்றைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தானே முழுதாகச் செய்ததாகக் கருதப்படுவார். வெறுமனே அங்கே நின்றது போதாது, அந்த எண்ணத்தில் அவனுக்கும் பங்கு இருந்தது என்று முறைப்பாட்டுத் தரப்பு காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவார்கள்? சேர்ந்து போனது, சேர்ந்து திரும்பியது. இவன் விஷயத்தில் அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. புறப்படுவதற்குச் சற்று முன் நண்பர்கள் குழுவில் இவன் போட்ட குரல் செய்தி: "இண்டைக்கு அவனை விடுறேல்ல, வாறன் நில்லுங்கோ." ஒரு வேகத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பேச்சுத்தான். ஆனால் 1995இல் வந்த சட்டத்தின் பிறகு ஒலிப்பதிவுகளும் நீதிமன்றத்தில் சான்றாக வருகின்றன. அங்கே அந்தக் குரலை ஒலிக்கவிட்டால், கேட்கிறவருக்கு அவன் முகம் தெரியாது, பேச்சுத்தான் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அவனுக்குச் சாதகமாகவும் ஒன்று இருந்தது. மற்றவன் விழுந்தவுடன் இவன்தான் அடித்தவனை இழுத்துப் பிடித்தான், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைத்ததும் இவன்தான். செயலுக்குப் பிறகு ஒருவர் நடந்துகொண்ட விதத்தையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பொலிஸில் வாக்குமூலம் எழுதியபோது பயத்தில் அவன் இதைச் சொல்லவே இல்லை. யாரோடு போனாய், யார் அடித்தது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். எழுதி முடித்துக் கையொப்பம் கேட்டபோது, வாசித்துக் காட்டும்படி கேட்டோம். சார்ஜன்ட் வாசித்தார், நான் தமிழில் சொன்னேன். "அம்புலன்ஸுக்கு அடிச்சது இதில இல்லையே தம்பி" என்றேன். அதையும் நேரத்தோடு சேர்த்து எழுதுமாறு கேட்டோம். அவர் மறுக்கவில்லை, கீழே சேர்த்து எழுதினார். அதன் பிறகுதான் கையொப்பம் வைத்தான்.

பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, அது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அதை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு, வாக்குமூலம் முக்கியமில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. நீதிமன்றத்தில் நீங்கள் சொல்வது முதல் வாக்குமூலத்தோடு முரண்பட்டால், அந்த முரணைக் காட்ட அதே வாக்குமூலம் வரும். முதலில் சொல்லாமல் விட்ட நல்ல விஷயத்தை மாதங்கள் கழித்துச் சொன்னால், பிறகு யோசித்துக் கட்டிய கதை என்பார்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க விரும்பினால் அதை முதலிலேயே கேளுங்கள். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால், விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

அவனுக்குப் பிணை கிடைத்தது, வழக்கு இன்னும் நடக்கிறது. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாததால், புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அவனுடைய தாயைக் கூட்டிக்கொண்டு போனேன். 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது, வருமானத்தைப் பார்த்து உதவி செய்கிறார்கள். அங்கே முதலில் கேட்டது அழைப்பு விபரமும் கமராப் பதிவும். அழைப்பு விபரத்தைக் கைபேசித் திரையிலிருந்து அன்றே படம் எடுத்து வைத்திருந்தோம். இழுத்துப் பிடித்தது சந்திப் பலசரக்குக் கடைக் கமராவில் விழுந்திருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் பழைய பதிவுகளின் மேல் புதியவை தானாக ஏறிவிடும். கடைக்கார நானாவிடம் அடுத்த நாள் காலையிலேயே போய்க் கேட்டோம். அவர் பொலிஸாருக்கு ஒரு பிரதி கொடுத்தார், பெட்டியில் இருந்த மூலப் பதிவையும் அழியாமல் எடுத்து வைத்தார். ஒரு கிழமை பிந்தியிருந்தால் அது இருந்திருக்காது என்றார்.